பிலோமினாவின் காதில் இரவல் கம்மல்

பங்கு மக்களே, எனக்குப் பேசத் தெரியாது. கோபப்படத்தான் தெரியும். என்னோடு கடலுக்கு வந்தவர்கள் இங்கேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்டவனைப் பிடித்து, "சூசை, மாதா உனக்குச் செஞ்சத எல்லாரும் கேக்கச் சொல்லு" என்று நம்ம பங்குச் சாமியார் இங்கே கோவிலில் நிறுத்திவிட்டார். நடந்ததை நடந்தபடி சொல்லுகிறேன். நடுவில் குரல் உடைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சங்கு குளிக்கிறவன். ஊரில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தபோது இளவட்டமாக நானும் இறங்கியிருக்கிறேன். மூச்சுப் பிடிப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. அதெல்லாம் ஒரே வருஷத்தில் அடங்கிப்போனது. புதுத் துறைமுகம் திறந்ததற்கு மறு வருஷம், தவக்காலத்தில், என் மனைவி மரியதங்கம் காய்ச்சல் என்று படுத்தாள். பெரிய வெள்ளி வருவதற்குள் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தேன். கல்லறையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால், பாயில் கிடந்து என்னையே பார்க்கிறாள் எங்கள் ஒரே மகள் பிலோமினா.

பிலோமிக்கு அப்போது பத்து வயது. நடக்க மாட்டாள். உட்கார மாட்டாள். கழுத்து நிற்காது. இரண்டு கையும் எந்நேரமும் மூடியே இருக்கும், கட்டை விரல் உள்ளே மடங்கிக் கிடக்கும். பேச்சு கிடையாது. பிறந்ததும் அழவில்லை, அதிலிருந்தே இப்படி. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். "இவ இப்பிடித்தான் இருப்பா, பாத்துக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் சிரிப்பாள். என் காலடிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே சிரிப்பாள். மாதா கோவில் மணி அடித்தால் அவளும் கூடவே ஒரு சத்தம் கொடுப்பாள்.

கஷ்டம் சாப்பாட்டில்தான். கஞ்சியைக் கரைத்து, மடியில் சாய்த்து, கரண்டி கரண்டியாக விட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறிவிடும். புரையேறினால் முகம் நீலமாகிவிடும். போதாததற்கு வலிப்பு. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் உடனே ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் உள்ளது வெளியே வர வேண்டும். மரியதங்கம் இதை எல்லாம் பத்து வருஷம் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் செய்தாள். இப்போது அவள் இல்லை. நான் மட்டும்தான்.

பக்கத்து வீட்டு லூர்தம்மா அக்காவை உங்களுக்குத் தெரியும். மீன் மார்க்கெட்டில் அவள் சத்தம் இல்லாமல் விடியாது. அவள்தான், "சூசை, நீ ஒரு நாள் படகுக்குப் போயிட்டு வா. நான் வியாபாரத்த விட்டுட்டுப் புள்ளையப் பாத்துக்கிடுதேன்" என்றாள். போனேன். திரும்பி வரும்போது என் வீட்டு வாசலில் கூட்டம். உள்ளே அக்கா பிலோமியை மடியில் போட்டுக்கொண்டு மாரில் அடித்து அழுகிறாள். கஞ்சி புரையேறியிருக்கிறது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள், ஆனால் உதடு அன்று சாயங்காலம் வரைக்கும் கறுத்தே இருந்தது. அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவளுக்கு என்ன தெரியும் பாவம். அன்றைக்குப் பிறகு நான் படகில் ஏறவில்லை.

சம்பாத்தியம் நின்றது. படகில் இருந்த பங்கை விற்றேன். அது தீர்ந்தபின் கூட்டாளிகள் கரையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் வாசலில் இரண்டு மீனைப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் உள்ளே இருந்து பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன். ஆம்பளை வீட்டில் உட்கார்ந்து அடுத்தவன் போடுகிற மீனைத் தின்கிறானே என்று எனக்கே என்மேல் எரிச்சல். அந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது? பிலோமியிடம் காட்ட முடியாது. மாதாவிடம் காட்டினேன். கோவிலுக்குப் போவதை நிறுத்தினேன்.

நான் பூசைக்கு வரவில்லை என்றதும் சாமியாரே வீடு தேடி வந்தார். அவர்தான் சொன்னார். கை கால் வராதவர்களுக்கு, ஆதரவில்லாதவர்களுக்கு, கவர்மெண்டு மாதா மாதம் ஒரு உதவிப் பணம் கொடுக்கிறது, எழுதிப் போடுவோம் என்று. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. கை நிறையக் கிடைக்காது என்று அவரே சொன்னார். கஞ்சிக்கும் வலிப்பு மருந்துக்கும் வந்தால் போதுமே சாமி என்றேன். அது வந்துவிட்டால் பிள்ளையைவிட்டு நகர வேண்டாம். மீதியை வீட்டில் இருந்தபடி கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்துச் சமாளித்துக்கொள்ளலாம். தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தோம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஐயா வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்றார்கள்.

இங்கேதான் நாங்கள் ஒரு கூத்து அடித்தோம். கேளுங்கள்.

நம்ம கரையில் ஒரு பெரிய மனுஷர் வீட்டுக்கு வருகிறார் என்றால் என்ன செய்வோம்? சாமியார் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வருகிறார் என்றால் என்ன செய்வோம்? இருப்பவன் இல்லாதவன் என்று பார்ப்போமா? தெருவே சேர்ந்து அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்ற செய்தி தெருவுக்குத் தெரிந்ததும் அதே வேலை ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி வீட்டிலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி வந்தது. இன்னொருத்தி வெள்ளை விரிப்பும் பீங்கான் கோப்பையும் கொண்டுவந்தாள். கடையிலிருந்து மக்ரூன் வந்தது, கோலி சோடா வந்தது. ஒருத்தி மகளுக்குப் புதுநன்மைப் பூசையன்று போட எடுத்த லேஸ் வைத்த சட்டையைப் பிலோமிக்குப் போட்டுவிட்டார்கள். கடைசியில் லூர்தம்மா அக்கா தன் காதில் கிடந்த தங்கக் கம்மலைக் கழற்றிப் பிள்ளை காதில் மாட்டினாள்.

"ஏளா, எம்புட்டு அழகாயிருக்கா பாரேன்" என்று அக்கா பிள்ளையின் கன்னத்தை வழித்துச் சொடக்குப் போட்டாள்.

எனக்கும் கண் கலங்கிவிட்டது. மரியதங்கம் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். அவ்வளவு அழகாக இருந்தாள் என் பிள்ளை.

இன்ஸ்பெக்டர் ஐயா வந்தார். தாமிரபரணிப் பக்கத்து ஆள், நெற்றியில் திருநீறு, அமைதியான மனுஷர். நாற்காலியில் உட்கார்ந்தார். சோடா குடித்தார். மக்ரூன் ஒன்றை எடுத்துக் கடித்து, "நல்லாருக்கே" என்றார். பிலோமியைப் பார்த்தார், அவள் காதைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். என்னையும் மேலும் கீழும் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். ஐயாவை நன்றாகக் கவனித்துவிட்டோம், இனிமேல் கிடைத்த மாதிரிதான் என்று பேசிக்கொண்டார்கள். கம்மலும் சட்டையும் நாற்காலியும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போயின. அது கிறிஸ்மஸ் முடிந்த நேரம்.

அடுத்து வந்த தவக்காலத்தில் என்னைத் தாலுகா ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள்; பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்து அக்காவை உட்காரவைத்துவிட்டுப் போனேன். மனு தள்ளுபடி என்று சொன்னார்கள். ஏன் ஐயா என்றேன். அங்கே இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே சொன்னார்: "வீட்ல வசதியிருக்கு. புள்ளை காதுல தங்கம் கெடக்கு. திடகாத்திரமான தகப்பன் இருக்கான். இதுக்கு மேல ஆதரவு என்னவே வேணும்?"

 கம்மல் எங்களுடையது இல்லை ஐயா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்திலும் திருவிழாவிலும் யார் கழுத்தில் யார் சங்கிலி கிடக்கிறது என்று நம்மில் எல்லோருக்கும் தெரியும். யாராவது சொல்லுவோமா? கொடுத்தவளும் சொல்ல மாட்டாள், வாங்கியவளும் சொல்ல மாட்டாள். சொன்னால் இரண்டு வீட்டுக்கும் மானம் போய்விடும். அப்படி வளர்ந்தவன் நான். அதோடு இன்னொன்று. இந்தக் கம்மலால்தான் பணம் கிடைக்கவில்லை என்று தெரிந்தால் லூர்தம்மா அக்கா என்ன பாடுபடுவாள்? அவள் ஆசையாக மாட்டியது. தெருவில் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. "இல்லன்னுட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிற ஆள் ஒருவர் உண்டு. அவர் என் கதையைக் கேட்டுவிட்டு ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நீரு உசுரோட இருக்கதுதான் இடைஞ்சல். கடல்ல போயிட்டீருன்னு எழுதிருவமா? புள்ளைக்கு ஒடனே கெடச்சிரும்."

எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசையைக் கவிழ்த்துவிட்டேன். மை எல்லாம் மண்ணில் கொட்டியது. நாலு பேர் பிடித்து இழுத்து அனுப்பினார்கள். ஆனால் வீட்டுக்கு நடந்து வருகிற வழி முழுவதும் அந்த வார்த்தை என்னை விடவில்லை.

சாமியார் வேறு வழி பார்த்தார். தூரத்தில், திருச்சிப் பக்கம், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்துப் பார்க்கிறார்கள், பிலோமியை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். "நீ வருசத்துக்கு ஒருக்கப் போய்ப் பாத்துக்கிடலாம்பா" என்றார். வருஷத்துக்கு ஒரு முறை! அவளுக்குப் பேச்சு வராதே. என் காலடிச் சத்தம்தான் அவளுக்கு நான். அது கேட்கவில்லை என்றால் அவள் என்ன நினைப்பாள்? அப்பா எங்கே என்று யாரிடம் கேட்பாள்? அம்மாவும் இப்படித்தானே ஒரு நாள் காணாமல் போனாள். ஈஸ்டர் முடிந்ததும் கொண்டுபோய் விடுவது என்று பேச்சாகிவிட்டது. நானும் தலையாட்டிவிட்டேன். வேறு என்ன செய்ய? கஞ்சிக்கு அரிசி இல்லை, மருந்து தீர்ந்து வலிப்பு அதிகமாகிவிட்டது.

பெரிய மனசு வைத்துக் கேளுங்கள், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாரத்தில் எனக்கு ஒரு கெட்ட நினைப்பு வந்தது. மரத்தடி ஆள் சொன்னது மெய்யாகிவிட்டால் என்ன? சங்கு குளிக்கப் போன ஒருத்தன் மேலே வரவில்லை என்றால் கடலை யார் கேள்வி கேட்பார்கள்? நான் இல்லை என்றால் அவள் ஆதரவற்ற பிள்ளை. பணமும் வரும், தெருவும் பார்த்துக்கொள்ளும். இப்படி ஒரு கணக்குப் போட்டது என் புத்தி. வீட்டில் உட்கார்ந்திருக்கவே பயமாக இருந்தது. பிலோமியைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு மாதா கோவிலுக்கு வந்தேன்.

மத்தியானம். கோவிலில் ஆளில்லை. மாதாவுக்கு முன்னால் முழங்கால் போடவில்லை நான். நின்றுகொண்டே சண்டை பிடித்தேன்.

"ஏம்மா, ஒனக்கு நான் என்ன குறை வச்சேன்? இவ நடக்கணும்னு இவ அம்மா ஒங்கிட்ட எத்தன வருசம் நேந்துகிட்டா! நடக்க வச்சியா? சரி, வேண்டாம். பேச வச்சியா? அதுவும் வேண்டாம். அவளயும் எடுத்துக்கிட்ட. இப்ப புள்ளையயும் கூட்டிட்டுப் போகச் சொல்லுத. ஒம்புள்ளைய ஒங்கிட்டருந்து பிடுங்குனாங்களே, அன்னைக்கு ஒனக்கு எப்பிடி இருந்துச்சு? நான் வேற ஒண்ணும் கேக்கலம்மா. இவ பக்கத்துல நான் இருக்கணும். அது மட்டும் போதும்."

கத்தியே விட்டேன். என் சத்தம் கோவில் முழுக்க எதிரொலித்தது. தோளில் கிடந்த பிலோமிக்கு அது விளையாட்டாகத் தெரிந்திருக்கும் போல, பெரிதாகச் சிரித்துவிட்டாள். நான் அழுகிறேன், அவள் சிரிக்கிறாள். என் சட்டையெல்லாம் அவள் எச்சில். அப்போதுதான் முழங்கால் மடிந்து கீழே உட்கார்ந்தேன்.

பின்னால் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம். திரும்பினால் லூர்தம்மா அக்கா. மார்க்கெட் முடிந்து வெறும் கூடையை வாசலில் வைத்துவிட்டு மெழுகுதிரி ஏற்ற வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ஏலே சூசை, எதுக்கு இல்லன்னாங்க? நெசத்தச் சொல்லு. மாதா முன்னால நிக்க."

மாதா முன்னால் பொய் சொல்ல முடியுமா? "காதுல தங்கம் கெடந்துச்சாம்க்கா" என்றேன்.

அக்கா தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.  லூர்தம்மா பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் காலை, மார்க்கெட்டுக்குப் போக வேண்டியவள் என் வாசலில் நிற்கிறாள். பின்னால் தெருப் பெண்கள் ஒரு கூட்டம். ஒருத்தி தலையில் நாற்காலி. ஒருத்தி கையில் விரிப்பும் கோப்பையும். "புள்ளையத் தூக்கு. வா" என்றாள் அக்கா. எனக்கு விஷயம் புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது. "வேண்டாம்க்கா, மானம் போயிரும்" என்றேன்.

"போனா எம்மானம் போவுது. ஒனக்கென்ன? தூக்குல புள்ளைய!"

ஆபீஸுக்குள் நாங்கள் நுழைந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேர்க்கிறது. இன்ஸ்பெக்டர் ஐயா மேசைக்கு முன்னால் நாற்காலியை இறக்கினார்கள். அதன்மேல் விரிப்பு, அதன்மேல் கோப்பை. ஆபீஸில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். அக்கா கம்மலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, இது என் கம்மலு. நாற்காலி இந்தா நிக்காளே இவளுது. சட்டை அவ மகளுது. சோடா கடையில கடன். அந்த வீட்ல சொந்தமா இருந்தது இவனும் இந்தப் புள்ளையுந்தான்."

ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப எல்லாருஞ் சேந்து என்னை ஏமாத்துனீங்களா?"

"ஏமாத்துனா நாங்க ஏன் ஒண்ணுமில்லாத வீட்ட இருக்கப்பட்ட வீடாக் காட்டணும்? பணம் வாங்கணும்னா இருக்கத மறைச்சிருக்க மாட்டமா? வாரது பெரிய மனுசர், மரியாத கொறையக் கூடாதுன்னு செஞ்சம். ஒங்களுக்குச் செஞ்ச மரியாதயில இந்தப் புள்ளை சோறு போச்சு. நீங்களே சொல்லுங்க, நாங்க என்ன செய்யணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். இரவல் பொருளைப் பற்றி வாய் திறக்காத பெண்கள், ஊர் உலகம் பார்க்க, இது என்னது, அது என்னது என்று சொல்லுகிறார்கள். எனக்காகச் சொல்லுகிறார்கள். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஐயா கம்மலை எடுத்து அக்கா கையிலேயே கொடுத்தார். "போட்டுக்கிடும்மா. போங்க எல்லாரும்" என்றார்.  அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்துத் திரும்பினோம்.

அன்று சாயங்காலம் ஐயா சைக்கிளில் தனியாக வந்து இறங்கினார். நான் பிலோமிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு பாய், ஒரு பெட்டி, குசினியில் இரண்டு பானை. வாசலில் இருந்து அக்கா, "ஐயா, நாற்காலி எடுத்தாரட்டுமா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "தாயி, போதும்மா நீ" என்று சொல்லித் தரையிலேயே உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் நான் கஞ்சி விடுவதைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "தங்கம் உம்மது இல்ல, சரி. ஆனா உடம்ப இரும்பா வச்சிருக்கீரே. கடலுக்குப் போனா என்ன? அக்கம்பக்கம் பாத்துக்கிட மாட்டாங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வருகிற சத்தம். அதை விட்டால் மறுநாள்தான் தண்ணீர். வழக்கமாக அக்கா பிடித்துக் கொடுப்பாள். அன்றைக்கு அவள் தன் குடத்தை எடுக்க ஓடிவிட்டாள்.

"ஐயா, ஒரு கொடம் பிடிச்சிட்டு வந்துருதேன். அதுவரைக்கும் இவளப் பிடிச்சிருக்கீங்களா? தலைய மட்டும் தாங்கிக்கிடுங்க" என்றேன். நான் தந்திரமாகச் செய்யவில்லை, மாதா அறிய. தண்ணீர் வேண்டியிருந்தது, கேட்டேன். "குடும், எனக்கும் பொம்பளப் புள்ளை இருக்கு" என்று மடியில் வாங்கிக்கொண்டார்.

குடம் பாதி நிறையவில்லை. "யோவ்! ஓடி வாரும்! ஓடி வாரும்யா!" என்று வீட்டுக்குள்ளிருந்து அலறல். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். பிலோமிக்கு வலிப்பு. ஐயா அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நடுங்குகிறார். சட்டை முழுக்கக் கஞ்சி. நான் பிள்ளையை வாங்கி ஒருக்களித்துப் போட்டு, லேஞ்சித் துண்டால் வாயைத் துடைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு நீண்ட நேரம் இழுத்தது. மாதாவே, மாதாவே என்று சொல்லுகிறேன். பக்கத்தில் அவர், முருகா, முருகா என்கிறார். ஒரு வழியாக மூச்சு சீராக வந்தது. களைத்துத் தூங்கிவிட்டாள்.

ஐயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. சட்டையில் கொட்டிய கஞ்சியைத் துடைக்காமலே, "ஒரு கொடம் தண்ணி எடுக்க முடியலயே ஓய் உம்மால" என்றார்.

நான் பிலோமியின் தலைக்கடியில் துணியை மடித்து வைத்தேன். 

பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். "தகப்பன் இருக்கான். ஆனா அவன் கைய எடுத்தா புள்ளை உசுரு தங்காது. அதனால அவன் வேலைக்குப் போக முடியாது. கண்ணால பாத்தேன்னு எழுதுதேன். முடிவு பண்ணுறது மேல உள்ளவங்க. உம்ம மாதாகிட்ட நீரு கேளும், நான் திருச்செந்தூர்ல கேக்கேன்" என்றார். பிள்ளையின் ரேகை வேண்டும் என்றார். மூடிக் கிடந்த கைக்குள்ளிருந்து கட்டை விரலை மெதுவாக வெளியே எடுத்துக் கொடுத்தேன். அவரே மை தடவி ஒற்றினார்.

சாமியாரிடம் போய், இல்லத்துக்கு இப்போது வேண்டாம் சாமி, மாதா திருவிழா வரைக்கும் பொறுப்போம் என்றேன். அந்த மாதங்களை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். தெரு ஓட்டியது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் பிலோமியைத் தோளில் போட்டு மாதா முன்னால் வந்து நிற்பேன். இப்போது சண்டை இல்லை. "இவ பக்கத்துல நான் இருக்கணும்" என்ற அந்த ஒரே வார்த்தைதான்.

திருவிழாக் கொடி ஏறிய அன்று, கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். வாசலில் சைக்கிள் மணி. தபால்காரர் நின்றுகொண்டு கூப்பிடுகிறார்: "பிலோமினா! பிலோமினாங்கிறது யாரு? மணியார்டர்!"

பங்கு மக்களே, எனக்குக் காசைப் பார்த்து அழுகை வரவில்லை. பதினோரு வருஷத்தில் என் பிள்ளையின் பெயரைச் சொல்லி வாசலில் ஒருவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான். மரியதங்கம் இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று நினைத்ததும் என்னால் தாங்க முடியவில்லை. லூர்தம்மா அக்கா போட்ட குலவையில் தெருவே திரண்டுவிட்டது. "இந்தா இருக்காளே, இவதான் பிலோமினா" என்று நானே உரக்கச் சொன்னேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பணம் மாதக் கடைசி வரைக்கும் எட்டாது. வாசலில் உட்கார்ந்து வலை பொத்துகிறேன், அப்படியும் இழுபறிதான். வலிப்பு நிற்கவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, இன்றைக்கா நாளைக்கா என்று கிடந்து எழுந்தாள். எனக்குப் பின்னால் அவளுக்கு யார் என்ற பயம் இன்னும் இருக்கிறது. அதையும் மாதாவிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவள் நடக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டோம், அது நடக்கவில்லை. அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று கேட்டேன். இருக்கிறேன். அந்தக் கெட்ட நினைப்பு அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை.

இப்போது இப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீடு எங்கேயாவது இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் அக்காவிடம் பிலோமியை ஒப்படைத்து, பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போய்வருகிறேன். அக்கா இப்போது என்னைவிட நன்றாகப் பார்க்கிறாள், நான் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். போகிற வீட்டில் ஒன்றுதான் சொல்லுவேன். ஆபீஸர் வந்தால் தண்ணீர் கொடுங்கள், போதும். இருக்கிறபடி கதவைத் திறந்து வையுங்கள். மாதாவிடமும் அப்படியே போங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள், அவள் பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவளுக்குப் புரியும். உங்களில் யாராவது இருட்டில் இருந்தால், என்னைப் போல யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரியிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். எனக்கு மாதா அந்த வழியாகத்தான் வந்தாள், மீன் வாடையோடு வந்தாள்.

மாதம் பிறந்தால் தபால்காரர் வருகிறார். அந்தச் சைக்கிள் மணி இப்போது பிலோமிக்குத் தெரியும். கோவில் மணிக்குக் கொடுக்கிற அதே சத்தத்தை அதற்கும் கொடுக்கிறாள். நான் அவள் கையை விரித்துக் கட்டை விரலை எடுத்துக் கொடுப்பேன். ரேகை வைத்ததும் அவள் விரலை வாயில் வைத்துக்கொள்வாள், மை உள்ளே போய்விடும். அதனால் மை காய்கிற வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. மாதாவே, உனக்கு ஸ்தோத்திரம்.